குடிதண்ணீரில் உப்பைத் தேடிய பெண்: யார் இந்த எலன் ரிச்சர்ட்ஸ்?

போர்வெல் தண்ணீரை லேபில் கொடுத்து டெஸ்ட் பண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? கையில் கிடைக்கும் அந்த ஒரு பக்க ரிப்போர்ட்டில் டிடிஎஸ், கடினத்தன்மை என்று வரிசையாக எழுதியிருக்கும். அதற்குக் கீழே குளோரைடு, அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் என்று நாலு வரி இருக்கும். பெரும்பாலானவர்கள் டிடிஎஸ் எவ்வளவு என்று மட்டும் பார்த்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்துவிடுவார்கள். உண்மையில் அந்த நாலு வரிக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. சுமார் 140 வருஷத்துக்கு முன்னாடி, அமெரிக்காவின் ஒரு மாநிலம் முழுவதும் இருந்த ஆறு, ஏரி, கிணறுகளின் தண்ணீரைப் பாட்டில் பாட்டிலாக வரவழைத்து, இதே நாலு விஷயத்தை உட்கார்ந்து அளந்தார் ஒரு பெண். பெயர் எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ்.

எம்ஐடி என்று உலகமே கொண்டாடும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்த முதல் மாணவி அவர். ஆனால், சேர்த்துக்கொண்ட கல்லூரியே அவரை மாணவி என்று வெளியில் சொல்லத் தயங்கியது. அது எப்படி?

கடைக்காரர் வீட்டுப் பொண்ணு

1842 டிசம்பர் 3. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் டன்ஸ்டபிள் என்ற சின்ன ஊரில் எலன் பிறந்தார். அப்பா பீட்டர் ஸ்வாலோ, அம்மா ஃபேனி இருவருமே ஒரு காலத்தில் டீச்சர்கள். வீட்டுக்கு ஒரே பிள்ளை. ஊர்ப் பள்ளிக்கூடத்தை நம்பாமல் அப்பா அம்மாவே வீட்டில் வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். 1859-ல், மகள் நல்ல பள்ளியில் படிக்க வேண்டும் என்பதற்காகக் குடும்பம் வெஸ்ட்ஃபோர்டு என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அப்பா ஒரு கடை போட்டார். பிறகு லிட்டில்டன் என்ற ஊரில் அதைவிடப் பெரிய கடை.

அந்தக் கடைகளில் எலனுக்கு நிறைய வேலை. கணக்கு எழுதுவது, சரக்கு எடுத்துக் கொடுப்பது, வாடிக்கையாளர்களிடம் பேசுவது என எல்லாம் பார்த்தார். எந்த வீட்டில் என்ன வாங்குகிறார்கள், எதில் கலப்படம் இருக்கிறது என்பதெல்லாம் கடைப் பலகைக்குப் பின்னால் நிற்பவருக்குத்தான் முதலில் தெரியும். பின்னாளில் மளிகைச் சாமான்களின் கலப்படம் பற்றி அவர் புத்தகமே எழுதினார். அதற்கு விதை இங்கேதான் விழுந்திருக்க வேண்டும்.

காலேஜ் போக ஆசை. ஆனால், காசு இல்லை. அந்தக் காலத்தில் பெண்களைச் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகளும் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். ட்யூஷன் எடுத்தார், அடுத்தவர் வீட்டில் சமைத்தார், வீடு துடைத்தார், நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார். நடுவில் இரண்டு வருஷம் உடம்பும் மனசும் சோர்ந்து, அடுத்து என்ன என்றே தெரியாமல் முடங்கிக் கிடந்த காலமும் உண்டு. ஒருவழியாக 300 டாலர் சேர்ந்தது. 1868-ல், நியூயார்க் மாநிலத்தில் புதிதாகத் தொடங்கியிருந்த வாஸர் பெண்கள் கல்லூரியில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயசு 25.

வாஸரில் இரண்டு ஆசிரியர்கள் அவரை இரு பக்கமும் இழுத்தார்கள். ஒருவர் மரியா மிட்செல், 1847-ல் ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்துப் புகழ்பெற்ற வானியலாளர். இன்னொருவர் வேதியியல் சொல்லிக்கொடுத்த சார்லஸ் ஃபேரர். அறிவியல் என்றால் அது மக்களின் அன்றாடப் பிரச்சினைக்கு உதவ வேண்டும் என்பது ஃபேரரின் கட்சி. வானத்தைப் பார்ப்பதா, தரையைப் பார்ப்பதா? எலன் தரையைத் தேர்ந்தெடுத்தார்.

ஃபீஸ் வேண்டாம் என்றார்கள், ஏன்?

1870-ல் டிகிரி முடித்ததும் வேதியியல் வேலை தேடினார். எங்கும் கிடைக்கவில்லை. விண்ணப்பித்த இடம் ஒன்றிலிருந்து, பாஸ்டனில் இருக்கும் எம்ஐடியில் கேட்டுப் பாருங்களேன் என்று யோசனை வந்தது. எம்ஐடி அப்போது ரொம்பப் புதுசு, அங்கே படித்தவர்கள் எல்லாரும் ஆண்கள். ஆசிரியர்கள் கூடி விவாதித்தார்கள். கடைசியில் அந்த டிசம்பரில், வேதியியல் துறையில் சிறப்பு மாணவியாக அவரைச் சேர்த்துக்கொள்வது என்று முடிவானது. கூடவே கட்டணம் எதுவும் கட்ட வேண்டாம் என்றும் சொன்னார்கள்.

வீட்டில் வசதி இல்லை என்று தெரிந்து சலுகை காட்டியிருக்கிறார்கள் என எலன் நினைத்துக்கொண்டார். உண்மை பிறகுதான் தெரிந்தது. யாராவது அறங்காவலர் வந்து எதற்கு ஒரு பெண்ணைச் சேர்த்தீர்கள் என்று கேட்டால், ஃபீஸே கட்டவில்லை, அவர் எங்கள் மாணவியே கிடையாது என்று தலைவர் தப்பித்துக்கொள்ளலாம். அதற்காகத்தான் அந்த இலவசம்! இது முதலிலேயே தெரிந்திருந்தால் சேர்ந்தே இருக்க மாட்டேன் என்று அவர் பின்னாளில் சொன்னதுண்டு.

1871 ஜனவரியில் வகுப்பு தொடங்கியது. இரண்டே மாதத்தில், மார்ச்சில், அப்பா ரயிலில் அடிபட்டு இறந்துபோனார். அம்மாவைத் தனியாக விட முடியாது. வூஸ்டர் நகரத்துக்கும் பாஸ்டனுக்கும் தினமும் ரயிலில் அலைந்து படித்தார். லேபில் ஆண்களுக்கு நடுவே தன்னை யாரும் தொந்தரவாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காக அவர் செய்த வேலைகள் இன்றைக்குப் படித்தால் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும். ஊசி நூல் கையோடு வைத்திருந்து பேராசிரியர்களின் துணிமணியைத் தைத்துக் கொடுத்தார், மேஜையைத் துடைத்தார். அந்தக் காலத்தில் ஒரு பெண் உள்ளே நுழைவதற்குக் கொடுக்க வேண்டியிருந்த விலை அது. அவர் அதைத் தெரிந்தேதான் கொடுத்தார்.

1873-ல் எம்ஐடி அவருக்கு பி.எஸ். பட்டம் கொடுத்தது. அதே வருஷம் இரும்புத் தாதுவில் வனேடியத்தை அளந்த ஆய்வுக்காக வாஸரில் எம்.ஏ. பட்டம். தொடர்ந்து படித்தும் டாக்டர் பட்டம் மட்டும் கிடைக்கவே இல்லை. எம்ஐடியின் வேதியியல் துறையில் முதல் டாக்டர் பட்டம் ஒரு பெண்ணுக்குப் போவதை அங்கிருந்தவர்கள் விரும்பவில்லை என்பதுதான் காரணம் என்று அவரது கணவர் பின்னாளில் கருதினார்.

கணவர் யார்? அங்கேயே சுரங்கப் பொறியியல் கற்பித்த ராபர்ட் ரிச்சர்ட்ஸ். லேபிலேயே காதலைச் சொன்னாராம். 1875-ல் கல்யாணம். தேனிலவு எங்கே தெரியுமா? கனடாவின் நோவா ஸ்கோஷியா சுரங்கங்களுக்கு, அதுவும் ராபர்ட்டின் மாணவர் பட்டாளத்தோடு! கனமான பூட்ஸும் குட்டைப் பாவாடையுமாக எலனும் சுரங்கத்துக்குக் கிளம்பிவிட்டார்.

அடுத்த வருஷம், 1876-ல், எம்ஐடியில் பெண்களுக்கென்றே ஒரு ஆய்வகம் திறக்கப்பட்டது. அதில் எலன் சம்பளம் வாங்காமல் பாடம் எடுத்தார். போதாததற்கு வருஷத்துக்குச் சுமார் 1,000 டாலர் கையிலிருந்தும் போட்டார். 1883-ல் பெண்களும் மற்ற மாணவர்களைப் போலவே சேரலாம் என்று ஆன பிறகு, இனி தனி ஆய்வகம் தேவையில்லை என்று அது மூடப்பட்டது.

ஆய்வகத்தோடு சேர்த்து எலனுக்கு வேலையும் போனது. அவருடைய மாணவிகள் எல்லோரும் உள்ளே, அவர் வெளியே. இந்த நிலை சில மாதங்கள்தான். 1884-ல் எம்ஐடி சுகாதார வேதியியல் ஆய்வகம் ஒன்றைத் தொடங்கியபோது, அதில் இன்ஸ்ட்ரக்டராக அவரை நியமித்தார்கள்.

தெளிந்த தண்ணீர், உள்ளே என்ன?

தண்ணீர் வேலை அவருக்குப் புதிதல்ல. அமெரிக்காவிலேயே முதல் மாநிலச் சுகாதார வாரியத்தை மாசசூசெட்ஸ் 1869-ல் அமைத்தது. அந்த வாரியத்துக்காக எம்ஐடி பேராசிரியர் வில்லியம் ரிப்ளி நிக்கோல்ஸ் 1872 வாக்கிலேயே தண்ணீர் மாதிரிகளைச் சோதித்தார். பெண்கள் படிப்பதில் நிக்கோல்ஸுக்குப் பெரிய உடன்பாடு கிடையாது. ஆனாலும் அந்த வேலையில் அவர் கூட வைத்துக்கொண்டது மாணவி எலனைத்தான்.

அப்போது ஊர்களின் நிலைமை என்ன? மாசசூசெட்ஸ் முழுக்க நெசவாலைகள், தோல் பதனிடும் இடங்கள், வேகமாக வளரும் நகரங்கள். வீட்டுக் கொல்லையில் கக்கூஸ் குழி, அதிலிருந்து பத்தடி தள்ளிக் குடிதண்ணீர்க் கிணறு. ஆற்றின் மேல் ஊர் சாக்கடையை விடும், கீழ் ஊர் அதே ஆற்றில் குடிக்க எடுக்கும். ஓடுகிற தண்ணீர் கொஞ்ச தூரத்தில் தானாகச் சுத்தமாகிவிடும் என்று படித்தவர்களே நம்பிய காலம். டைபாய்டு வருஷம் தவறாமல் ஆட்களைக் கொண்டுபோனது.

1886-ல் உள்நாட்டு நீர்நிலைகளைப் பாதுகாக்க மாநிலம் ஒரு சட்டம் போட்டது. எது சுத்தமான தண்ணீர், எது அசுத்தம் என்று முதலில் தெரிந்தால்தானே பாதுகாக்க முடியும்? அதனால் 1887-ல், மக்கள் குடிக்கும் எல்லா நீராதாரங்களையும் முறையாகச் சோதிப்பது என்று வாரியம் முடிவெடுத்தது. நிக்கோல்ஸ் அதற்கு முந்தைய வருஷமே காலமாகியிருந்தார். பொறுப்பு தாமஸ் டிரவுன் என்ற பேராசிரியருக்கு வந்தது. ஆய்வகத்தை நடத்தும் வேலை எலனுக்கு.

இப்படி ஒரு வேலையை அதுவரை இந்த அளவில் யாரும் செய்ததில்லை. மாநிலத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் பாட்டில்கள் வரும். ஒரு தடவை வந்தால் போதாது, ஒரே ஏரியின் தண்ணீர் கோடையில் ஒரு மாதிரி இருக்கும், பனி உருகும்போது வேறு மாதிரி இருக்கும். ஆகவே மாதாமாதம் மாதிரி. வந்த தண்ணீரை அப்படியே வைத்திருந்தால் அதிலுள்ள பொருட்கள் மாறிவிடும், அதனால் சீக்கிரம் சோதிக்க வேண்டும். அடுத்த சில வருஷங்களில் அந்த ஆய்வகம் சோதித்த மாதிரிகள் 20,000-க்கும் மேல்.

என்ன சோதித்தார்கள்? இங்கேதான் அந்த நாலு வரி வருகிறது.

சாக்கடையில் இருக்கும் கழிவு அழுகும்போது முதலில் அம்மோனியா வெளிப்படும். நாளாக ஆக, மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். ஆக, தண்ணீரில் அம்மோனியா அதிகம் இருந்தால் கழிவு இப்போதுதான் கலந்திருக்கிறது. நைட்ரைட் தெரிந்தால், அழுகல் நடந்துகொண்டிருக்கிறது. நைட்ரேட் மட்டும் இருந்தால், எப்போதோ கலந்தது, மண் அதை மாற்றி முடித்துவிட்டது. துப்பறியும் கதையில் சாம்பல் சூடாக இருக்கிறதா, ஆறிவிட்டதா என்று தொட்டுப் பார்ப்பார்களே, அதே கதைதான்.

அம்மோனியாவை அளப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. தண்ணீரைக் காய்ச்சி வடித்து, வடிந்ததைக் கண்ணாடிக் குழாய்களில் பிடித்து, நெஸ்லர் கரைசலை விட்டால் மஞ்சளாக மாறும். அந்த மஞ்சள் எவ்வளவு அடர்த்தி என்று, அளவு தெரிந்த வேறு குழாய்களோடு பக்கத்தில் வைத்துக் கண்ணால் ஒப்பிட வேண்டும். மீட்டர், மெஷின் எதுவும் கிடையாது. அறையின் காற்றில் கொஞ்சம் அம்மோனியா இருந்தாலே கணக்கு தப்பிவிடும். இதை ஒரு தடவை சரியாகச் செய்வதே கஷ்டம். ஆயிரக்கணக்கான தடவை, பல உதவியாளர்களை வைத்துக்கொண்டு, ஒரே தரத்தில் செய்தது அந்த லேப். முடிவுகளை நம்ப முடிகிறது என்றால் அதற்கு எலனின் விழிப்பும் உழைப்புமே முக்கியக் காரணம் என்று டிரவுன் தன் அறிக்கையில் ஒப்புக்கொண்டிருக்கிறார். அறிக்கை என்னவோ டிரவுன் பெயரில்தான் வந்தது!

ஒரு மேப் சொன்ன சேதி

அடுத்தது குளோரைடு. பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கார்ப்பரேஷன் தண்ணீரில் கிருமியைக் கொல்லப் போடும் குளோரின் வேறு, இது சமையல் உப்பில் இருக்கும் குளோரைடு. அந்தக் காலத்து வேதியியலாளர்கள் இதையும் குளோரின் என்றே எழுதினார்கள்.

மனிதர்கள் சாப்பிடும் உப்பு கிட்டத்தட்ட முழுவதும் சிறுநீரில் வெளியேறுகிறது. அம்மோனியா மாறிவிடும், அழுகல் வாசம் போய்விடும், கலங்கலை மண் வடிகட்டிவிடும். ஆனால் குளோரைடை மண் பிடித்து வைக்காது, செடியும் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. கக்கூஸ் குழியிலிருந்து கிணறு வரை அது அப்படியே பயணம் போகும். அதாவது மறைக்க முடியாத தடயம்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. மாசசூசெட்ஸ் கடலோர மாநிலம். கடல் காற்று உப்பை அள்ளிக்கொண்டு வந்து, மழையோடு சேர்த்து நிலத்தில் இறக்குகிறது. மனுஷக் கழிவு கொஞ்சம்கூடக் கலக்காத காட்டு ஓடையிலும் உப்பு இருக்கத்தான் செய்யும். அப்படியானால் எது கடல் உப்பு, எது சாக்கடை உப்பு?

விடை, வந்து குவிந்த அளவுகளுக்குள்ளேயே இருந்தது. ஆள் நடமாட்டம் இல்லாத இடங்களின் அளவுகளை மட்டும் எடுத்து மேப்பில் குறித்தபோது ஒரு ஒழுங்கு தெரிந்தது. கடலுக்குள் கை நீட்டியது போல இருக்கும் கேப் காட் பக்கம் லிட்டருக்குப் பத்து, இருபது மில்லிகிராம். உள்ளே போகப் போகக் குறைகிறது. மேற்கு எல்லை மலைப்பகுதியில் ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. ஒரே அளவு உள்ள இடங்களைக் கோட்டால் இணைத்தால், கடற்கரைக்கு இணையாக அலை அலையாகக் கோடுகள் வந்தன. இதுதான் இயல்பு குளோரின் வரைபடம். 1890-ல் வந்த வாரியத்தின் சிறப்பு அறிக்கையில் அது வெளியானது.

இதை வைத்து என்ன செய்யலாம்? மேற்கே ஒரு மலை ஊரில் ஒரு கிணறு. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, வாசம் இல்லை, குடித்தால் இனிக்கிறது. அளந்தால் குளோரைடு 8 மில்லிகிராம். நாக்குக்குத் தெரியவே தெரியாத அளவு. ஆனால் அந்த ஊரின் இயல்பு ஒரு மில்லிகிராம்தானே? மிச்சம் 7 எங்கிருந்து வந்தது? வீட்டுக்காரர் தோட்டத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தால் போதும். இதே 8 மில்லிகிராம் கடற்கரை ஊர்க் கிணற்றில் இருந்தால் கவலையே இல்லை, அது கடல் கொடுத்தது.

இந்த ஐடியாவின் கெத்து இங்கேதான் இருக்கிறது. எல்லா ஊருக்கும் ஒரே எண்ணை எல்லையாகப் போட்டிருந்தால், அந்த மலைக் கிணறு பாஸ் ஆகியிருக்கும். இந்த எண் இந்த ஊருக்கு இயல்பானதா என்று கேட்டதால்தான் மாட்டியது. அமெரிக்காவில் மாநில அளவில் உருவான முதல் தண்ணீர்த் தர வரையறைகளுக்கு இந்த ஆய்வே அடித்தளம் என்று சொல்லப்படுகிறது. 1905-ல் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை நியூயார்க்குக்கும் நியூ இங்கிலாந்து மாநிலங்களுக்கும் இதேபோன்ற வரைபடத்தை வெளியிட்டது.

அதே முறையை எல்லா இடத்துக்கும் அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். மாசசூசெட்ஸில் மழை அதிகம், பாறைகளில் உப்பு இல்லை, அதனால் கோடுகள் சுத்தமாக விழுந்தன. மண்ணிலேயே உப்பு பூத்துக் கிடக்கும் ராமநாதபுரம் மாதிரி ஊர்களில் இந்தக் கணக்கு குழம்பிவிடும். இந்தியத் தர நிர்ணயத்தில் குடிநீரின் குளோரைடு எல்லை லிட்டருக்கு 250 மில்லிகிராம். வேறு வழியே இல்லாத இடத்தில் 1,000 வரை அனுமதி. அது முக்கியமாகச் சுவைக்கும், குழாய் அரிப்புக்கும் வைத்த எல்லை. உங்கள் ரிப்போர்ட்டில் போன வருஷம் 60 இருந்த அளவு இந்த வருஷம் 180 என்று வந்தால், எல்லைக்குள்தான் இருக்கிறது என்று லேப் எழுதிக் கொடுக்கும். ஆனால் எலனின் கேள்வியைக் கேட்டால் கதை வேறு. கழிவுநீர்த் தொட்டி கசிகிறதா? கடற்கரைப் பகுதி என்றால் கடல் நீர் உள்ளே ஏறுகிறதா?

வேதியியல் பார்க்காததும், பிறகு பார்த்ததும்

தடயம் வேறு, குற்றவாளி வேறு. டைபாய்டைக் கொண்டுவந்தது உப்போ அம்மோனியாவோ இல்லை, கிருமி. 1890-91 குளிர்காலத்தில் மெரிமாக் ஆற்றங்கரை நகரங்களான லோவெல், லாரன்ஸ் இரண்டிலும் டைபாய்டு கடுமையாகப் பரவியது. எம்ஐடியின் உயிரியல் பேராசிரியர் வில்லியம் செட்விக் வீடு வீடாக விசாரித்து, ஆற்றுத் தண்ணீர்தான் காரணம் என்று கண்டுபிடித்தார். லாரன்ஸில் மாநில வாரியம் ஏற்கெனவே ஒரு பரிசோதனை நிலையம் நடத்திவந்தது. மணல் வழியாகத் தண்ணீரை மெதுவாக விட்டால் என்ன ஆகிறது என்று அங்கே வேதியியல், உயிரியல் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்கள். எம்ஐடியில் படித்துவிட்டு அங்கே போய்ச் சேர்ந்தவர்களில் ஒருவர் ஆலன் ஹேசன், பின்னாளில் தண்ணீர்ப் பொறியியலில் பெரிய பெயர். 1893-ல் லாரன்ஸ் நகரத்துக்கு மணல் வடிகட்டி வந்தது. டைபாய்டு சாவுகள் மளமளவென்று குறைந்தன.

இதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பிரிப்பது கஷ்டம். ஆனால் எம்ஐடியில் தண்ணீர், சாக்கடை, காற்று மூன்றையும் எப்படிச் சோதிப்பது என்று வருஷா வருஷம் மாணவர்களுக்குக் கை பிடித்துச் சொல்லிக்கொடுத்தவர் எலன். அவர்கள்தான் பிறகு ஊர் ஊராகப் போய்க் குடிநீர் நிலையங்களை நடத்தினார்கள். ஆல்ஃபியஸ் வுட்மேனோடு சேர்ந்து அவர் எழுதி 1900-ல் வெளியான காற்று, நீர், உணவு பற்றிய பாடநூல் அந்த வகுப்புகளின் சாரம்.

எலன் காலத்தில் நைட்ரேட் என்றால் வெறும் பழைய தடயம். ஆறிப்போன சாம்பல். அதனால் உடம்புக்கு நேரடிக் கெடுதல் இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. 1945-ல்தான் அயோவா மாநிலத்து மருத்துவர் ஹன்ட்டர் காம்லி, கிணற்றுத் தண்ணீரில் பால் கலக்கிக் கொடுத்த கைக்குழந்தைகள் நீலம் பாரிப்பதற்கு நைட்ரேட்தான் காரணம் என்று எழுதினார். நைட்ரேட் உடம்புக்குள் நைட்ரைட்டாக மாறி, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் கெடுக்கிறது. தடயமே குற்றவாளி! இந்தியாவில் இதற்கான எல்லை லிட்டருக்கு 45 மில்லிகிராம். இதில் தளர்வு கிடையாது. கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். கிருமி சாகும், நைட்ரேட் சாகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

குளோரைடும் அப்படி ஒரு பாடத்தைச் சொன்னது. 2014 ஏப்ரலில் அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரம் செலவைக் குறைக்க ஆற்றுத் தண்ணீருக்கு மாறியது. அதில் முன்பு வந்த தண்ணீரைவிடக் குளோரைடு பல மடங்கு அதிகம். உலோகம் அரிக்கிறது என்று அந்த அக்டோபரிலேயே அங்கிருந்த கார் என்ஜின் ஆலை அந்தத் தண்ணீர் வேண்டாம் என்று விட்டுவிட்டது. வீடுகளுக்கு மட்டும் அதே தண்ணீர் இன்னும் ஒரு வருஷம் போனது. அரிப்பைத் தடுக்கும் மருந்தும் சேர்க்கவில்லை. பழைய ஈயக் குழாய்கள் கரைந்து, ஈயம் குழந்தைகளின் ரத்தத்தில் ஏறியது.

கிச்சனுக்குள் போன வேதியியல்

எலன் தண்ணீரோடு நிற்கவில்லை. சுவரில் ஒட்டும் அலங்காரத் தாள்களில் ஆர்சனிக் இருக்கிறதா என்று பார்த்தார். ஆலைகளில் எந்த எண்ணெய் தானாகத் தீப்பிடிக்கும் என்று காப்பீட்டு நிறுவனத்துக்காகச் சோதித்தார். பாஸ்டனின் ஜமைக்கா பிளெயின் பகுதியில் இருந்த தன் வீட்டையே ஒரு லேபாக்கி, காற்றோட்டம் முதல் அடுப்பு வரை மாற்றிப் பார்த்தார்.

1890-ல் ஏழைத் தொழிலாளர்களுக்குச் சத்தான உணவை மலிவாகத் தர நியூ இங்கிலாந்து கிச்சன் என்ற சமையல்கூடத்தைத் தோழிகளோடு தொடங்கினார். அளவு, சத்து, சுத்தம் எல்லாம் கச்சிதம். ஆனால் புலம்பெயர்ந்து வந்த இத்தாலி, அயர்லாந்துக் குடும்பங்கள் அந்தச் சப்பென்ற சாப்பாட்டை விரும்பவில்லை. கிராம் கணக்கை மட்டும் பார்த்து நாக்கை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு இது நல்ல உதாரணம். ஆனாலும் முயற்சி வீண்போகவில்லை, 1894-ல் பாஸ்டன் பள்ளிகளுக்கு மதிய உணவு கொடுக்கும் வேலை இந்தக் கிச்சனுக்கு வந்தது.

1908-ல் அமெரிக்க மனையியல் சங்கம் உருவானபோது முதல் தலைவர் அவர்தான். அறிவியலை வீட்டுக்குள் கொண்டுபோனவர் என்று சிலர் கொண்டாடுகிறார்கள். லேபுக்குள் வந்த பெண்களைத் திருப்பிச் சமையலறைக்கே அனுப்பிவைத்தார் என்று சிலர் குறை சொல்கிறார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் வீடு என்றால் அவருக்குச் சமையலறை மட்டும் இல்லை. குழாயில் என்ன வருகிறது, சாக்கடை எங்கே போகிறது என்பதும் வீட்டுக் கணக்கில் சேர்த்திதான். நகராட்சியைக் கேள்வி கேட்கத் தெரிந்த குடும்பத் தலைவி, இதுதான் அவர் மனசில் இருந்த படம்.

1910-ல் ஸ்மித் கல்லூரி அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. எம்ஐடி கொடுக்காத பட்டம். அடுத்த வருஷம், 1911 மார்ச் 30 அன்று, 68-வது வயதில், இதய நோயால் ஜமைக்கா பிளெயின் வீட்டில் இறந்தார். சுகாதாரத்தின் வழியே வளங்களைக் காப்பது பற்றிய அவரது புத்தகம் வெளிவந்ததும் அதே வருஷம்தான்.

எம்ஐடி அவர் பெயரில் ஒரு பேராசிரியர் பதவியை ஏற்படுத்தியது 1973-ல். அவர் இறந்த அன்று அதே கல்லூரியில் அவர் வகித்த பதவி, 27 வருஷத்துக்கு முன்பு 1884-ல் கொடுத்த அதே இன்ஸ்ட்ரக்டர் பதவி.